பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு நாடகம் கூடவா இல்லை?

பனங்கற்கண்டு (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு):

எங்கள் வீட்டில் டிவி ஒன்று, மொழி இரண்டு, தலைமுறை மூன்று. மாமியாருக்குத் தமிழ்ச் சீரியல். வீட்டுக்காரருக்கு மலையாளச் செய்தி. பிள்ளைகளுக்குப் பொம்மைப்படம். பெரியவள் நாலாம் வகுப்பு, சின்னவன் ஒன்றாம் வகுப்பு. ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது வரை எல்லாரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஒன்றும் கிடைப்பதில்லை.

மாமியார் பார்க்கும் சீரியல்களில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஆனால் எதற்காக வருகிறார்கள் என்று பாருங்கள். கடத்தப்படுவதற்கு, காய்ச்சலில் விழுவதற்கு, பிரிந்த அப்பா அம்மாவைச் சேர்த்து வைப்பதற்கு. கடன் வாங்கி, பொய் சொல்லி, சண்டை போட்டு, அப்புறம் தானே வழி கண்டுபிடிக்கிற ஒரு பிள்ளையைக் காட்டமாட்டார்கள். இந்தப் பக்கம் மலையாளத்தில் 'உப்பும் முளகும்' ஓடும்போது மட்டும் என் இரண்டும் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த வீட்டுப் பிள்ளைகள் கேசுவும் சிவானியும் பெரியவர்களுக்குச் சமமாக வம்பு பண்ணுகிறார்கள். மாமியாருக்கு மலையாளம் பாதிதான் புரியும், அவரும் சிரிக்கிறார்.

தமிழில் அப்படி எதையாவது சொல்லுங்கள். கார்ட்டூன் வேண்டாம், பாட்டுப் போட்டியும் வேண்டாம். மனிதர்கள் நடித்த கதை வேண்டும்.


வாளையார் மாஷ்:

நல்ல கேள்வி. பதில் நாற்பது வருடத்துக்கு முன்னால் இருக்கிறது என்பதுதான் சங்கடம்.

'மால்குடி டேஸ்' 1986-ல் தூர்தர்ஷனில் வந்தது. ஆர்.கே. நாராயண் கதைகள், சங்கர் நாக் இயக்கம், ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த ஓவியங்கள், எல். வைத்தியநாதன் இசை. படம் பிடித்த இடம் கர்நாடகத்தின் ஆகும்பே. சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தை நினைவிருக்கிறதா? அவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது, அப்பாவிடம் பயம், பாட்டியிடம் செல்லம், நண்பனிடம் ரோஷம். அப்பாவாக கிரீஷ் கர்னாட். சுவாமி வீட்டை விட்டு ஓடிப்போகிற கதையைக்கூட அழுகாச்சி ஆக்கவில்லை. அந்த வயதில் ஒரு பையனுக்கு அது எவ்வளவு பெரிய காரியமோ அவ்வளவு பெரிதாக மட்டும் காட்டினார்கள்.

இந்தி தெரியாமலே நாங்கள் பார்த்தோம். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் அண்டெனாவைத் திருப்புவதே தனி உத்தியோகம். ஒருவர் ஓட்டின் மேல் ஏறி, "இப்போ தெரியுதா?" என்று கத்த, கீழே இருந்து நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள்.

ஆனால் ஒன்று. தூர்தர்ஷன் வெறும் கலைத்தாகத்தில் இதையெல்லாம் செய்துவிடவில்லை. 1984-ல் வந்த 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் மெக்சிகோ நாட்டு மெகா தொடர்களைப் பார்த்து வந்த யோசனை. கதைக்குள் சமூகச் சேதியை வைத்துச் சொல்லும் முறை அங்கே இருந்தது. காசு கொடுத்தது நூடுல்ஸ் கம்பெனி. அப்போதே விளம்பரம் இருந்தது.


சும்மா படிக்கிறவன்:

மாஷே, தூர்தர்ஷன் புராணம் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இருந்தது ஒரே சேனல். வயலும் வாழ்வும் போட்டால்கூடத்தான் வாய் பிளந்து பார்த்தோம். இன்றைக்கு என் அக்கா பையனிடம் மால்குடியைக் காட்டினால் மூன்றாவது நிமிடம் போனை எடுத்துவிடுவான். பிள்ளைகள் மாறிவிட்டார்கள். கேட்கிறவர் இல்லாத சரக்கை எவன் செய்வான்?


நகரி தறி:

கேட்கிறவர் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எங்கள் பக்கம் (சித்தூர் மாவட்டம், வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு) 'அமிர்தம்' என்று ஒரு தொடர் ஜெமினி என்ற தெலுங்குச் சேனலில் வந்தது, 2001-லிருந்து 2007 வரை. குண்ணம் கங்கராஜு தயாரித்தது. இரண்டு நண்பர்கள், ஒரு ஹோட்டல், இரண்டு வீட்டம்மாக்கள், வாடகை கேட்கும் வீட்டுக்காரர். வாரத்துக்கு ஒன்று. அந்த வாரக் கதை அந்த வாரமே முடிந்துவிடும். தறி ஓட்டுகிறவர்கள்கூட அந்த அரை மணிக்கு நிறுத்திவிட்டு வந்து பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் எனக்கு ஏழு வயது, தாத்தாவுக்கு எழுபது. இரண்டு பேரும் சிரித்தோம், அவர் எனக்குப் புரியாத இடத்திலும் சிரித்தார்.

அது குழந்தைகள் தொடர் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. குழந்தையை வெளியே அனுப்பிவிட்டுப் பார்க்கவேண்டிய ஒன்றும் அதில் இல்லை, அவ்வளவுதான். பனங்கற்கண்டு அக்கா கேட்பது இந்த மாதிரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் வாராவாரம் வருவதை நாள்தோறும் வருவதோடு சேர்த்துப் பேசாதீர்கள். இரண்டும் வேறு ஜாதி.


எடிட்மேசை:

நகரித் தம்பி சரியான இடத்தில் கை வைத்தார். எனக்குச் சொந்த ஊர் சித்தூர், நம் பாலக்காட்டுச் சித்தூர், இருப்பது சென்னையில். நாள்தொடர்களுக்குப் படத்தொகுப்பு. உள்ளே எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். எதனால் பிள்ளைகளுக்குக் கதை கிடைப்பதில்லை என்பதற்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

நாள்தொடர் என்றால் கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு ஓர் எபிசோடு எடுத்தாகவேண்டும். வாடகைக்கு எடுத்த ஒரே பங்களா. சீன் பேப்பர் சில நாள் காலையில்தான் வரும். நடிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தாய்மொழி இல்லை, பக்கத்தில் நின்று ஒருவர் வசனத்தைச் சொல்லிக் கொடுப்பார், பிறகு வேறொருவர் குரல் கொடுப்பார். இந்த வேகத்தில் என்ன எடுக்க முடியும்? நாலு பேர் வரிசையாக நின்று பேசுவதை எடுக்கலாம். ஒருவர் ஒரு வரி சொன்னதும் மற்ற மூன்று முகத்தையும் தனித்தனியாகக் காட்டலாம். அதிலேயே ஒரு நிமிடம் போய்விடும். கேபிள் டிவி விதிப்படி மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது, 10 வெளியாருடையது, 2 சேனலுடையது. அரை மணியில் மீதியை நிரப்ப இந்த முகங்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன.

இதில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விடுங்கள். அது ஓடும், விழும், மரத்தில் ஏறும், திடீரென்று கேள்வி கேட்கும். அதை எடுக்க வெளிச்சம் மாற்றவேண்டும், வெளியே போகவேண்டும், நாலு டேக் வேண்டும். அதற்கு நேரம் கிடையாது. அதனால் பிள்ளையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்துவிடுவார்கள். ஒரே இடம், ஒரே கோணம், வசனம் இல்லை. பனங்கற்கண்டு அக்கா சொன்ன அந்தக் காய்ச்சல், கதையிலிருந்து வருவதில்லை, கால்ஷீட்டிலிருந்து வருகிறது.

அப்புறம் பணம். எத்தனை பேர் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் அமைப்பின் மீட்டர் வைத்த வீடுகளில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் ஒரு பட்டன் உண்டு. வியாழக்கிழமை எண்கள் வரும். விளம்பரம் கொடுக்கிற மசாலாக்காரரும் நகைக்கடைக்காரரும் அதில் பார்ப்பது கடையில் பணம் கொடுக்கிறவரின் பட்டனை. ஏழு வயசுப் பிள்ளையின் பட்டனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெளிநாட்டுக் கார்ட்டூனை வாங்கித் தமிழ்க் குரல் கொடுப்பதற்கு ஆகும் செலவு புதிதாக ஒன்று எடுப்பதில் ஒரு துளி. சன் குழுமம் தமிழுக்குச் சுட்டி (2007), தெலுங்குக்குக் குஷி (2009), மலையாளத்துக்குக் கொச்சு (2011) என்று வரிசையாகக் குழந்தைச் சேனல் தொடங்கியது. மூன்றிலும் பெரும்பங்கு டப்பிங்தான். 'குள்ளநரி திருடக் கூடாது' என்று ஒரு தலைமுறையே சொல்லி வளர்ந்தது, அதைக் குறை சொல்லவில்லை. டோராவின் குரல் நன்றாகவே அமைந்தது. ஆனால் டோராவின் வீட்டில் திருவிழா நம் ஊர்த் திருவிழா இல்லையே.

'உப்பும் முளகும்' மட்டும் எப்படிச் சாத்தியமானது என்று கேட்பீர்கள். 2015 டிசம்பரில் ஃப்ளவர்ஸ் சேனலில் தொடங்கியது, அதுவும் நாள்தொடர்தான், ஆயிரம் எபிசோடு தாண்டியது. அங்கே செய்த கெட்டிக்காரத்தனம், தொடரும் கதையையே கிட்டத்தட்ட விட்டுவிட்டார்கள். அன்றைய சண்டை அன்றைக்கே முடியும். காணாமல் போன பேனா, மீன் வாங்கக் கொடுத்த காசு, இவ்வளவுதான் கதை. ஒரே வீட்டுக்குள் பிள்ளைகள் சுதந்திரமாகத் திரிய, கேமரா அவர்கள் பின்னால் போனது. தமிழ்ச் சேனலில் இதைச் சொன்னால் முதல் கேள்வி, "வில்லி யார்?"


பனங்கற்கண்டு:

கால்ஷீட் என்றதும் இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. அப்படி நடிக்கிற பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது எப்போது? என் பெரியவளை ஒரு விளம்பரத்துக்குக் கேட்டார்கள், நான் அனுப்பவில்லை.


கோவை மருமகள்:

நாங்கள் அனுப்பினோம், அதனால் சொல்கிறேன். ஒரு தொடரில் என் மகளுக்குச் சின்ன வேஷம். பகல் இரண்டு மணிக்கு வரச்சொன்னார்கள், அவளுடைய முதல் ஷாட் ராத்திரி ஒன்பதரைக்கு. பிள்ளை தூக்கத்தில் தள்ளாடினாள், இயக்குநருக்கு அது சோகக் காட்சிக்குப் பொருத்தமாகப் போய்விட்டது! அன்றோடு நிறுத்திவிட்டோம்.

சட்டம் இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 2017-ல் விதிகள் கொண்டுவந்தார்கள். நடிக்கும் பிள்ளையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்கவேண்டும். தொடர்ந்து 27 நாளைக்கு மேல் கூடாது. படிப்பு கெடாமல் பார்த்துக்கொள்வதும் தயாரிப்பாளர் பொறுப்பு. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் தேசியமயமான வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடவேண்டும். எங்களிடம் இதில் ஒன்றையும் யாரும் சொல்லவில்லை. அனுப்பப் போகிறவர்கள் கேட்டு வாங்குங்கள்.


எடிட்மேசை:

அக்கா சொன்ன விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் பிள்ளை நடுநாயகமாக இருக்கும் கதையை நாள்தோறும் எடுக்கவே முடியாது. ஐந்து மணி நேரத்தில் ஒப்பனை, சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். கோடை விடுமுறையில் மொத்தமாக எடுத்து, வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம் போடலாம். பிள்ளைகளுக்கான தொடர் என்றால் வாரத்தொடராக, முடிவு தெரிந்த தொடராக இருந்தால்தான் சட்டப்படியும் சரி, கதைப்படியும் சரி. நான் சுற்றிச்சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறேன்.


சும்மா படிக்கிறவன்:

சரி, வாரத்தொடர். முடிவு தெரிந்தது. எவன் காசு கொடுப்பான்? அரசாங்கமா? கேரள அரசு 2020-க்கான தொலைக்காட்சி விருதில் சிறந்த சீரியல் என்று ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை, தரமில்லை என்று நடுவர் குழு கைவிரித்துவிட்டது. பெண்களையும் குழந்தைகளையும் காட்டும் விதத்தையும் கண்டித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் ராத்திரி ஏழு மணிக்கு அதே மாமியார் அதே மருமகள்.


வாளையார் மாஷ்:

விருதை நிறுத்தினால் தரம் வந்துவிடாது, அது சரி. ஆனால் காசுக் கேள்விக்கு உலகத்தில் சிலர் பதில் வைத்திருக்கிறார்கள். என் மருமகன் ஸ்வீடனில் இருக்கிறான். அங்கே பொதுத் தொலைக்காட்சியில் டிசம்பர் 1 தொடங்கி 24 வரை, நாளுக்கொரு எபிசோடாகக் குடும்பத்துக்கான கதை ஒன்று ஓடும். 1960-லிருந்து அநேகமாக வருடா வருடம் புதுக்கதை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் முடிந்துவிடும். நாள்தொடர்தான், ஆனால் 24-ல் முடியும் என்று எழுதுகிறவருக்கு முதல் நாளே தெரியும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குறிவைத்து டிவி விளம்பரம் போடவே அந்த நாட்டில் தடை. அப்படியானால் பணம் மக்கள் கொடுக்கும் பொதுப் பணம்தான், வேறு வழி இல்லை.

ஆஸ்திரேலியாவில் வேறு வழி. தனியார் சேனல்கள் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் குழந்தை நாடகம் புதிதாகப் போட்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் இருந்தது. 2021-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள். கட்டாயம் போனதும் தனியார் சேனல்கள் அதை விட்டு விலகின. 'புளூயி' அங்கிருந்து உலகம் முழுக்கப் போனதே என்பீர்கள். அது பொம்மைப்படம், ஏழு நிமிடம், அதையும் வளர்த்தது ஏபிசி என்ற பொதுத் தொலைக்காட்சி. பிரிட்டனில் 2007-ல் தின்பண்ட விளம்பரங்களைக் குழந்தை நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கினார்கள். பிள்ளைகள் உடம்புக்கு நல்லது. ஆனால் அந்தச் சமயத்தில் ஐடிவி என்ற தனியார் சேனல் குழந்தை நிகழ்ச்சித் தயாரிப்பை வெட்டியது. விளம்பரத்தை நம்பி நிற்கிற குழந்தை நாடகம் விளம்பரம் போனால் கூடவே போய்விடும்.

நம்மிடம் பொதுத் தொலைக்காட்சி இல்லாமலா போயிற்று? பொதிகை 2024-ல் டிடி தமிழ் என்று பெயர் மாறியது. வருடத்துக்குப் பன்னிரண்டு வாரம் அங்கே கேட்பது பேராசையா?


பெரியாறு லயம் (வண்டிப்பெரியாறு):

நான் ஒன்று சொல்லலாமா? கொரோனாவில் பள்ளிகள் மூடியிருக்க, 2020 ஜூன் 1-ல் கேரள அரசின் விக்டர்ஸ் கல்விச் சேனலில் ஃபர்ஸ்ட் பெல் என்ற டிவி வகுப்பு தொடங்கியபோது, எங்கள் எஸ்டேட்டில் வீட்டில் டிவி இல்லாத பிள்ளைகளுக்கு வாயனசாலையில் (படிப்பகம்) டிவி வைத்தார்கள். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பாடம் எடுத்துப் போட்டார்கள். ஒரு மாநில அரசு, தன் மொழியல்லாத பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் எடுத்துக் காட்ட முடியும் என்று அப்போது பார்த்தோம். பாடத்துக்கு முடிந்தது கதைக்கு ஏன் முடியாது?

இன்னொன்றும் உண்டு. சென்னையில் எடுத்தால் பங்களா, கொச்சியில் எடுத்தால் மாடி வீடு. எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு எந்தத் தொடரிலும் இடம் இல்லை. அம்மா கொழுந்து கிள்ளப் போன பிறகு தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் பத்து வயசுக்காரி எங்கள் வரிசையில் வீட்டுக்கு ஒருத்தி இருக்கிறாள். அவள் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை செய்வதை மட்டும் எடுத்தாலே ஒரு எபிசோடு ஆகும், வில்லி தேவைப்படாது. பரிதாபமாக மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவள் நன்றாகக் கேலி பேசுவாள்.


எடிட்மேசை:

லயத்துக்காரரே, நீங்கள் எழுதித் தாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.


நகரி தறி:

நடுவில் ஒரு சந்தேகம். 'விடாது கருப்பு' எந்தக் கணக்கில் சேரும்? இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், மின்பிம்பங்கள் தயாரிப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் 'மர்ம தேசம்' வரிசையில் வாரத்தொடராக வந்தது. என் அண்ணன்கள் எல்லாம் போர்வைக்குள் இருந்து பார்த்த தொடர் அது. கதையின் மையத்தில் ஒரு பையன் இருக்கிறான், குடும்பமே பார்த்தது, தரமும் உண்டு.


பனங்கற்கண்டு:

ஐயோ, அதையா? நான் சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தவள். ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு வேண்டாம்.


வாளையார் மாஷ்:

பயம் இருப்பதால் கெட்டது என்று சொல்லமுடியாதம்மா. அதில் பயத்துக்குக் காரணம் தேடுகிறார்கள், கடைசியில் விடை கிடைக்கிறது. இன்றைய சீரியலில் மாமியார் பாலில் எதையோ கலக்குகிறாள், ஆறு மாதம் கழித்தும் அதற்கு விடை கிடையாது. பிள்ளைக்கு எது அதிகம் கெடுதல் என்று யோசியுங்கள். ஆனாலும் பத்து வயதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.


சும்மா படிக்கிறவன்:

முதல் முறையாக மாஷோடு ஒத்துப்போகிறேன். பாலில் கலந்தது என்ன என்று என் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். 'மை டியர் பூதம்' பற்றி யாரும் பேசவில்லையே? சன் டிவி, 2004-ல் தொடங்கியது. கிராபிக்ஸ் சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்குப் பந்து பொறுக்க ஆள் கிடைக்காது. பிள்ளைகளுக்கென்று தமிழிலேயே, மனிதர்களை வைத்து எடுத்த தொடர் பெரிய சேனலில் ஓடியது என்பதற்கு அதுதான் சாட்சி. அதற்கு விளம்பரமும் வந்தது. ஆகவே கேட்கிறவர் இல்லை என்று நான் மேலே சொன்னதை வைத்து யாரும் என்னை மடக்கவேண்டாம், நானே இப்போது எதிர்க்கட்சி.


பெரியாறு லயம்:

எங்கள் வாயனசாலை டிவி இப்போது சும்மா கிடக்கிறது, கால்பந்து இருந்தால் மட்டும் போடுவார்கள். சனிக்கிழமை மாலையில் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். மால்குடியில் ஆரம்பித்தால் இந்தி ஒருவருக்கும் புரியாது. ஆங்கிலத்திலும் கொஞ்சம் எடுத்தார்கள் என்கிறார்கள், அது எங்கள் ஐந்தாம் வகுப்புக்கு எட்டாது. என்ன செய்யலாம்?


வாளையார் மாஷ்:

சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லட்டும். சுவாமி கதைக்கு அதிக வசனம் தேவைப்படாது. கமிட்டியிடம் வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். செயலாளர் கையெழுத்து இல்லாமல் சாவி வராது.


எடிட்மேசை:

சொல்ல ஆள் வேண்டாம் மாஷ். முதல் சுவாமி எபிசோடுக்கு நான் தமிழ் எழுத்து ஓட்டித் தருகிறேன், வாசிக்கத் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குப் படித்துச் சொல்லட்டும். ஆனால் பொது இடத்தில் காட்ட உரிமைக்காரரிடம் கேட்கவேண்டும், அதை யாராவது விசாரியுங்கள். நகரித் தம்பி, 'அமிர்தம்' உங்கள் பொறுப்பு. தெலுங்கிலிருந்து தமிழுக்கு நீங்கள் எழுதுங்கள், நேரக்குறி நான் போடுகிறேன்.


நகரி தறி:

எழுதுகிறேன் அண்ணே. ஹோட்டல் இட்லி எபிசோடில் தொடங்கலாமா, வாடகை எபிசோடிலா?


சும்மா படிக்கிறவன்:

இட்லி. வாடகை பெரியவர்கள் பிரச்சினை.